கடப்படி விலை: பாவித்த கார் வாங்குதலில் எழும்பி நடத்தலின் பங்கு பற்றிய ஓர் ஆய்வு

பாவித்த கார் ஒன்றின் நியாய விலை எங்கே கிடக்கிறது என்ற கேள்விக்கு இதுவரை தரப்பட்ட விடைகள் மூன்று. விற்பவர் அது விளம்பரத்தில் கிடக்கிறது என்கிறார். கராஜ் பாஸ் அது எஞ்சினுக்குள் கிடக்கிறது என்கிறார். தரகர் அது தன்னுடைய போனுக்குள் கிடக்கிறது என்கிறார். மூவர் சொல்வதும் பிழை என்று காட்டுவதே இக்கட்டுரையின் வேலை. கிழக்கிலங்கையின் கல்முனையிலிருந்து கிட்டங்கி தாண்டிச் சவளக்கடை வரைக்கும், தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரைக்குமான பிரதேசத்தை ஆய்வெல்லையாக வைத்துப் பார்த்தால், காரின் நியாய விலை விற்பவர் வீட்டு விறாந்தைக்கும் வளவு வாசலான கடப்படிக்கும் இடைப்பட்ட முற்றத்தில்தான் உண்டாகிறது. வாங்க வந்தவர் கதிரையை விட்டு எழும்பும் வரைக்கும் அது உலகத்தில் இல்லை. அவர் தெருவில் ஏறி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிப் போன பிறகும் இல்லை. நடுவில் உள்ள சில அடி தூரத்துக்குள் பிறந்து, அங்கேயே பிடிபட வேண்டியது அது. இதைக் கடப்படிக் கோட்பாடு என்று அழைப்போம். பொருளியல் நூல்களில் இதற்குத் தனி அத்தியாயம் இல்லாதது, அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் புதுக் கார் வாங்கியவர்கள் என்பதையே காட்டுகிறது.

கலைச்சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வது ஆய்வு மரபு. ஒரு காருக்கு மூன்று விலைகள் உண்டு. விளம்பர விலை என்பது, எவ்வளவு குறைக்கச் சொல்வார்கள் என்று விற்பவர் முன்கூட்டியே நினைத்து, அதைக் கூட்டிப் போட்ட தொகை. பக்கத்தில் "விலை பேசலாம்" என்று எழுதியிருந்தால் கூட்டினது கொஞ்சம். "விலை பேச இடமில்லை" என்று எழுதியிருந்தால் கூட்டினது அதிகம். கதிரை விலை என்பது, வந்தவர்களை இருக்கச் சொல்லி, பிளேன்டீயும் பிஸ்கட்டும் வைத்து, மாங்காய் மரத்தடியில் நிற்கும் காரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, ஊர்க்கதை முடிந்த பின் சொல்லப்படும் தொகை. அது விளம்பர விலையை விட ஓர் ஐம்பதாயிரம் குறைவாக இருக்கும்; அந்த ஐம்பதாயிரத்தைச் சொல்லும்போது விற்பவர் ஒரு பெருமூச்சும் விடுவார். பெருமூச்சுக்குப் பெறுமதி இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. மூன்றாவதுதான் கடப்படி விலை. விளம்பரத்தில் ஐம்பத்தைந்து இலட்சமாகவும் கதிரையில் ஐம்பத்துநாலரையாகவும் இருந்த ஒரு வேகன் ஆர், செருப்பு மாட்டும் இடத்தில் ஐம்பத்துமூன்றரையாகி, கடப்படியில் கை வைத்ததும் ஐம்பத்திரண்டே முக்காலாவது இப்பகுதியில் எவரும் வியப்போடு பார்க்காத இயற்கை நிகழ்ச்சி. கார் அந்த நேரம் முழுவதும் ஓர் அங்குலமும் அசையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விலையை மாற்றியது காரின் தன்மை அல்ல, ஒரு மனிதனின் நடை.

காரே தன் விலையைச் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். சொல்லாது. ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970 இல் பாவித்த கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், வாங்குபவர் எல்லாக் காரிலும் பழுது இருக்கலாம் என்று எண்ணியே விலை சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் கொடுக்க மாட்டார். நாளடைவில் சந்தையில் பழுதுகளே மிஞ்சும் என்பது அதன் சாரம். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. விஷயம் அற்பமானது என்பதும் அவை சொன்ன காரணங்களில் ஒன்று. 2001 இல் நோபல் பரிசு அவருக்கு வந்து சேர்ந்தது. இக்கட்டுரையை அற்பம் என்று கருதும் வாசகர் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து ஒருமுறை நினைத்துக்கொள்வாராக. ஆனால் அக்கர்லொவ் சொன்னபடி பார்த்தால் கல்முனைப் பக்கத்தில் நல்ல கார் ஒன்றுமே கை மாறக்கூடாது. மாறுகிறது. எப்படி? விற்பவருக்குத் தெரிந்த இரகசியம் எங்கோ ஓரிடத்தில் கசிகிறது என்றுதான் கொள்ள வேண்டும். அது அவருடைய வாயிலிருந்து கசிவதில்லை. வாயிலிருந்து வருவதெல்லாம் "லேடி டொக்டர் பாவிச்ச கார்" என்பது போன்ற வாக்கியங்கள். இலங்கையின் கார் விளம்பரங்கள் அனைத்தையும் மெய்யென்று கொண்டால், இந்நாட்டுப் பெண் மருத்துவர்கள் நோயாளரைப் பார்க்க நேரமின்றி ஆளுக்குப் பல கார்களை மிக மெதுவாக ஓட்டிக்கொண்டே வாழ்கிறார்கள் என்று முடிவு கட்ட நேரும்.

வாங்குபவரின் பக்கமும் அறிவியல் வலுவானதல்ல. கார் பார்க்கத் தனியே போகும் வழக்கம் இங்கே இல்லை. மச்சான் ஒருவர், கராஜ் பாஸ் ஒருவர், கட்டாரில் கார் ஓட்டிய அனுபவத்தால் எல்லாக் காரையும் அறிந்த ஒருவர், விலை பேசத் தெரிந்த மாமா ஒருவர் என்று ஒரு குழு போகும். டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார்கள். டயர் உதைக்குத் திருப்பி ஒன்றும் சொன்னதாகப் பதிவு இல்லை. கதவை அடித்துச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார்கள். பொனட்டைத் திறந்து நால்வரும் உள்ளே குனிந்து, நால்வரும் நிமிர்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பார்கள். பயனுள்ள சோதனைகள் இல்லாமல் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் நின்ற வாகனமென்றால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். ஆறு கண்ணாடிகளில் ஐந்தில் ஒரே முத்திரையும் ஆறாவதில் வேறு முத்திரையும் இருந்தால் அந்த ஆறாவது கண்ணாடிக்கு ஒரு கதை இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த காரென்றால் ஏலத் தாள் கேட்கலாம். அதில் நாலு, நாலரை என்று தரம் போட்டிருந்தால் ஆறுதல், 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்திய வண்டி. பாஸ் பட்டி பூசிய இடத்தை விரல் மடக்கித் தட்டியே கண்டுபிடிப்பார். இவ்வளவும் செய்த பிறகும் கியர்பொக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதும், ஹைபிரிட் என்றால் பற்றரி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் விற்பவருக்குத் தெரிந்த அளவு வந்தவர்களுக்குத் தெரியாது. சட்டமும் பெரிய துணை இல்லை. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவர் தாமே சோதித்துப் பார்த்த பொருளில், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு முறையிட இடம் வைக்கவில்லை. நால்வர் பொனட்டுக்குள் குனிந்து பார்த்தது சட்டத்தின் கண்ணில் சோதனையே. அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது வழக்கில் எடுபடாது.

ஆகவே கசிவு வேறிடத்தில் நிகழ வேண்டும், அது நிகழும் இடம் முற்றம். நடையைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம். மாமா கிளாசைக் கீழே வைக்கிறார். "அப்ப வாறம் காக்கா, யோசிச்சிட்டுச் சொல்றம்" என்கிறார். குழு எழும்புகிறது. காரின் திறப்பு மேசையில் வைக்கப்படுகிறது. திறப்பை மேசையில் வைக்கும் ஓசை இந்த முழு நிகழ்ச்சியிலும் மிகவும் விலை உயர்ந்த ஓசை. படியில் செருப்புத் தேடல். நாலு சோடி செருப்புகளுக்கிடையே தன்னுடையதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு ஆகும் நேரத்தில் விற்பவரின் மனத்துக்குள் கழித்தல் கணக்கு ஓடுகிறது. சப்பாத்துப் போட்டுப் போவது இன்னும் உத்தமம், ஏனெனில் நூல் கட்ட நேரமெடுக்கும். குனிந்து நூல் கட்டுபவரின் முகமும் விற்பவருக்குத் தெரியாது. பிறகு ஸலாம் அல்லது வணக்கம். பிறகு நடை. இந்த நடை கடப்படியை அடைவதற்குள் விற்பவர் கூப்பிட்டே ஆக வேண்டும், அல்லது கூப்பிடாமலே விட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அவர் தமக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்றை வெளியே விட்டுவிடுகிறார். நல்ல கார் வைத்திருப்பவர் நாளைக்கு இன்னொருவர் வருவார் என்று அறிவார். அவர் கதிரையில் சாய்ந்தபடியே "சரி தம்பி, யோசிச்சிட்டு வாங்க" என்பார். கியர்பொக்ஸின் ஆயுளை அறிந்தவர், குழு எழும்பிச் செருப்பை அடையும் முன்னமே, "தம்பி, இரிங்க, ஒரு மாதிரிச் செய்வம்" என்பார். எனவே கோட்பாட்டின் முக்கியமான உப விதி இது: கடப்படிக்கு முன்னால் விலை குறைவது இயல்பு, செருப்புக்கு முன்னாலேயே விலை விழுந்தால் அந்தக் காரை வாங்கக்கூடாது. கூப்பிடும் வேகமும் காரின் தரமும் எதிர்த்திசையில் போகின்றன.

இவ்விதியிலிருந்து புவியியல் சார்ந்த ஒரு முடிவும் கிடைக்கிறது. கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வளவுகள் சிறியவை. வீட்டை விட்டு இறங்கினால் அடுத்த அடி தெரு. அங்கே விற்பவருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு, அதனால் விலை ஒரே குதியில் விழும் அல்லது விழவே விழாது. சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கத்தில் முற்றம் பெரியது, தென்னையும் வேலியும் தாண்டித்தான் கடப்படி. அங்கே விலை படிப்படியாக இறங்கும், ஒவ்வொரு தென்னைக்கும் ஒரு பதினையாயிரமாக. நீளமான முற்றம் உள்ள வீட்டிலேயே கார் பார்க்கப் போக வேண்டும் என்ற அறிவுரை இதிலிருந்து பிறக்கிறது. நாய் உள்ள வீடுகள் ஆய்வுக்குப் பொருந்தா. அங்கே நடையின் வேகத்தை வாங்குபவர் தீர்மானிப்பதில்லை.

இக்கோட்பாட்டைப் புதிது என்று உரிமை கொண்டாட முடியாது என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியாத வரை வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இருவருக்கும் உண்டு என்ற நபிமொழியை இப்னு உமர் (ரலி) அறிவித்துள்ளார். பிரிதல் என்றால் எது என்பதில் மத்ஹபுகள் எனப்படும் சட்ட மரபுகள் வேறுபடுகின்றன. பேச்சு முடிவதே பிரிதல் என்று ஹனபி, மாலிக்கி அறிஞர்கள் கொண்டார்கள். உடலால் விலகிப் போவதே பிரிதல் என்று ஷாபி, ஹன்பலி அறிஞர்கள் கொண்டார்கள். இந்தக் கரையோர ஊர்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுபவை. ஆகவே நடந்து விலகுதலுக்குச் சட்டப் பெறுமானம் உண்டென்பது இங்கே பள்ளிவாசல் திண்ணையில் கேட்டாலும் கிடைக்கும் விடை. இன்னும் சுவையான செய்தி, இப்னு உமர் அவர்களே தமக்குப் பிடித்த பொருளை வாங்கினால், வியாபாரம் உறுதியாகிவிட வேண்டும் என்பதற்காக எழும்பிச் சிறிது தூரம் நடந்துவிட்டுத் திரும்புவார் என்று பதிவாகியிருப்பது. அவர் நடந்தது விலையை மாற்ற அல்ல, மாறாமல் பூட்ட. நம் ஊர் மாமா நடப்பது பூட்டைத் திறக்க. நோக்கம் நேரெதிர், ஆனால் ஏழாம் நூற்றாண்டிலும் இன்றும் பேரத்தின் முடிவு பேசும் இடத்தில் இல்லை, நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்பதில் ஒற்றுமை. தானியக் குவியலுக்குள் கை விட்டு உள்ளே ஈரம் கண்டு, ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று நபிகளார் கேட்ட செய்தியும் எல்லாருக்கும் தெரிந்ததே. காருக்கு இதைப் பொருத்தினால், ஷாம்பு போட்டுக் கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, எஞ்சின் கறையைத் துடைத்து நிறுத்துவது அந்தக் குவியலின் மேற்பரப்பு. குறையைத் தாமே முதலில் காட்டும் விற்பவர் வீட்டில் நடையின் தேவை வெகுவாகக் குறைகிறது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய கார்கள் விளம்பரத்துக்கே வராமல் மச்சான் வழியாகவே போய்விடுவதால் ஆய்வுக்கு அகப்படுவதில்லை.

இக்கோட்பாட்டுக்கு எதிரான முதல் மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது, வலுவானதும் அதுவே. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய் வரைக்கும் போனது. அந்த ஆண்டுகளில் நாலு வருடம் ஓடிய கார் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்கப்பட்டது. காரைப் பாவித்தவர் பாவித்ததற்காகவும் இலாபம் பெற்றார். அந்தக் காலத்தில் வாங்க வந்தவர் எழும்பினால் விற்பவரும் எழும்பினார், கடப்படியைத் திறந்துவிட. வெளியே அடுத்த குழு நின்றது. அப்படியானால் கோட்பாடு எங்கே போனது? எங்கும் போகவில்லை. நடைக்கு வலிமை கால்களில் இல்லை, கடப்படிக்கு வெளியே இன்னொரு கார் இருப்பதில்தான் இருக்கிறது என்பதை அந்த ஐந்து ஆண்டுகள் தனியே பிரித்துக் காட்டின. வெளியே கார் இல்லாதபோது நடை வெறும் தேகப்பயிற்சி. 2022 ஆகஸ்ட்டில் கார் ஒன்றுக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்று கியூஆர் முறையில் பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்ட வேளையிலும் கார்களுக்கு விலை இருந்தது என்பது இதற்குப் போதுமான சான்று: ஓட்டிப் போக எண்ணெய் இல்லாத பொருளுக்கும் இன்னொன்று கிடைக்காது என்றால் விலை உண்டு. 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி மறுபடியும் அனுமதிக்கப்பட்டது. சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சின் அளவைப் பொறுத்த உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேலே பதினெட்டு வீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கடுக்காக வரி ஏறியதால் வந்த கார்கள் மலிவில்லை. ஆனாலும் வந்தன. மலிவாக வரத் தேவையில்லை, வருகின்றன என்ற செய்தியே விறாந்தைகளுக்குப் போதுமாயிருந்தது. மாமாக்கள் மறுபடியும் கிளாசைக் கீழே வைக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது மறுப்பை கார் சேல்காரர்கள் எழுப்புவார்கள். பிரதான வீதியோரத்தில் கண்ணாடி போட்ட அறை, ஏசி, வரிசையாகத் துடைத்து நிறுத்திய விட்ஸும் அக்வாவும் வெசலும். அங்கே முற்றமும் இல்லை, கடப்படியும் இல்லை, விலை ஒட்டியபடி. உண்மையில் அங்கேயும் கடப்படி இருந்தது, அதை அகற்றிவிட்டார்கள். அகற்றிய முறை நுட்பமானது. அங்கே முதலில் கேட்கப்படுவது காரை என்ன விலைக்கு எதிர்பார்க்கிறீர்கள் என்பதல்ல, மாதம் எவ்வளவு கட்டலாம் என்பது. இந்தக் கேள்விக்கு விடை சொன்ன கணமே பேரம் காரை விட்டு நகர்ந்து தவணைக்குப் போய்விடுகிறது. ஐம்பத்திரண்டு இலட்சத்துக்கும் ஐம்பத்தைந்து இலட்சத்துக்கும் இடையிலுள்ள மூன்று இலட்சத்துக்காக எழும்பி நடக்கும் மனிதன், மாதம் எழுபத்தையாயிரத்துக்கும் எழுபத்தொன்பதாயிரத்துக்கும் இடையிலுள்ள நாலாயிரத்துக்காக எழும்புவதில்லை. லீசிங் ஐந்து வருடத்துக்கு என்றால் அந்த நாலாயிரம் அறுபது முறை கட்டப்படும், இரண்டு இலட்சத்து நாற்பதாயிரமாகும் என்பது பிறகு வீட்டில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். முழுப் பணம் கட்டி முடிக்கும் வரை பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நிற்கும், தவணை பிந்தினால் வாகனத்தைத் தூக்க ஆள் வரும் என்பவற்றை இங்கே விரிக்கவில்லை. கோட்பாட்டுக்கு வேண்டிய அளவு இதுதான்: மொத்த விலையை முதலில் பேசி முடிக்காமல் தவணையைப் பேசுபவர் கடப்படியைத் தம் கையாலேயே சுவர் வைத்து அடைக்கிறார்.

மூன்றாவது மறுப்பு ஒழுக்கம் பற்றியது. போகும் எண்ணம் இல்லாமல் போவதுபோல் நடப்பது நாடகம், நாடகம் பொய், பொய்யால் பெற்ற விலை நியாய விலையாகாது என்பார்கள். இதற்குப் பதில் சொல்வது கஷ்டமில்லை. நாடக நடை பலிப்பதே இல்லை. இப்பகுதி விற்பனையாளர்கள் நடையைப் படிப்பதில் கைதேர்ந்தவர்கள். உண்மையில் போகிறவனின் முதுகும் கூப்பிடுவார்கள் என்று காத்துப் போகிறவனின் முதுகும் ஒன்றல்ல. பின்னவன் முதுகில் காது முளைத்திருக்கும். கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ ஒரு மாத விடுமுறையில் வந்தவர், இருபதாம் நாளில் கார் பார்க்கப் போனால் அவர் எவ்வளவு கம்பீரமாக நடந்தாலும் பயனில்லை, அவருடைய டிக்கட் தேதி அவருக்கு முன்பே விற்பவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். மகளின் நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளைக்கென்று கார் தேடும் வாப்பாவும் அப்படியே. தேதி குறித்த அட்டை ஊர் முழுக்கப் போன பிறகு அவருக்குக் கடப்படி கிடையாது. மார்கழி மழையில் கிட்டங்கியில் தண்ணீர் பாய்ந்து பாதை மூடினால், உழவு இயந்திரத்தில் ஏறிச் சவளக்கடைக்குக் கார் பார்க்கப் போன கல்முனைக்காரரின் நடை முற்றிலும் செல்லாது. இவ்வளவு பாடுபட்டு வந்தவன் வெறுங்கையோடு போக மாட்டான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். மறுபுறம் அதே மாதங்களில் விற்பவரின் பக்கமும் மெலிந்திருக்கும். வட்டையில் பெரும்போக வேளாண்மை பச்சையாய் நிற்கும்போது உரத்துக்கும் களைநாசினிக்கும் கூலிக்கும் காசு போய்க்கொண்டிருக்கும், வருவது ஒன்றுமில்லை. நெல் அறுத்து விற்ற பிறகு அதே மனிதர் அதே காருக்கு அதே கதிரையில் இருந்து ஓர் இலட்சம் கூட்டிச் சொல்வார். ஆகவே வேளாண்மை குடலைப்பருவத்தில் நிற்கும்போது, மழை விட்ட ஒரு நாளில், கலியாணம் எதுவும் இல்லாத வீட்டிலிருந்து, விமான டிக்கட் எடுக்காத ஒருவர் போவதே கோட்பாட்டுக்கு ஏற்ற ஆய்வுச் சூழல்.

செருப்புக்கு முன்பே கூப்பிடுபவர் எல்லாரும் பழுதை மறைப்பவர்களா, மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ அவசரமாக விற்பவர்கள் இல்லையா என்று கேட்பது நியாயம். இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊர்களில் அவசரம் விசாரிக்கக்கூடியது. கொழும்பில் ஒருவர் ஏன் விற்கிறார் என்று அறிய வழியில்லை. இங்கே பள்ளிக்கோ கோவிலுக்கோ பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கோ ஒருமுறை போனால் காரணம் மட்டுமல்ல, காரணத்தின் காரணமும் கிடைக்கும். அவசரம் உண்மையென்று தெரிந்தால் நடையைப் பயன்படுத்தி இன்னும் கீழே இறக்கக்கூடாது என்பது இக்கட்டுரையாளரின் தீர்ப்பு. அங்கே கடப்படி வாங்குபவருக்கு மட்டுமே திறந்திருக்கிறது, விற்பவருக்குப் பூட்டியிருக்கிறது. நியாய விலை என்ற சொல்லுக்கு இந்த ஆய்வு தரும் வரைவிலக்கணமும் இதுதான்: இருவரும் விலகிப் போயிருக்கக்கூடிய நிலையில், இருவரும் விலகாமல் நின்ற தொகை. விற்பவருக்கும் தனி நடை உண்டு என்பதை மறக்கக்கூடாது. பேச்சின் நடுவில் அவர் எழும்பிப் போய் காரின்மேல் உறையை இழுத்து மூடுவார். அது அவருடைய கடப்படி. மன்னார்க் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் முத்து வியாபாரிகள் துணிக்கடியில் கையைப் பிடித்து விரல்களால் விலை சொன்னார்கள், ஒரு சொல்லும் வெளியே வராமல். இங்கே உறையை மூடுவதும் திறப்பை வைப்பதும் அந்த விரல்களின் வேலையைச் செய்கின்றன. வாய் அந்த நேரமெல்லாம் பெற்றோல் விலையைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்.

கூப்பிட்டு, திரும்பி வந்து, மறுபடியும் இருந்து, தொகை பேசி முடிந்த பிறகு வரும் இரண்டாவது பிளேன்டீயைக் குடிக்கலாமா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. குடிக்கலாம், விலை இனி மாறாது. மாறக்கூடியவை வேறு. முதலாவது, தாள்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர் விற்பவருடையது அல்ல, அவருக்கு முன்னால் வைத்திருந்தவருடையது என்பதும், அவரிடமிருந்து கையெழுத்து மட்டும் வாங்கி வைத்த 'ஓபன் பேப்பரில்' கார் இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கிறது என்பதும் இந்தக் கட்டத்தில்தான் மெல்ல வெளிவரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கண்ணில் அந்தக் காரின் உரிமையாளர் இன்னும் அந்த முதல் ஆள்தான். குருநாகலிலோ காலியிலோ இருக்கும் அவர் வெளிநாடு போயிருந்தால் அல்லது மௌத்தாகியிருந்தால், ஐம்பத்திரண்டே முக்கால் இலட்சம் கொடுத்தவர் தமக்குச் சொந்தமில்லாத ஒரு காரைக் கழுவிக்கொண்டிருப்பார். ஆகவே புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் படித்த பிறகே அட்வான்ஸ். இரண்டாவது, காரில் உள்ள சாமான்கள். பேசிய நாளுக்கும் கார் கையில் வரும் நாளுக்கும் இடையில் நல்ல பற்றரி பழைய பற்றரியாவதும், செட் காணாமல் போவதும், ஸ்பெயார் வீல் இளைப்பதும், நாலு புது டயர் நாலு தேய்ந்த டயராவதும் நடக்கிறது. இவை விலை குறைப்பின் எதிரொலிகள், குறைத்த தொகையை விற்பவர் இந்த வழியால் திருப்பி எடுத்துக்கொள்கிறார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும், முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், பின் இரண்டும் வருடம்: 2319 என்றால் 2019 இன் இருபத்துமூன்றாவது வாரம். மச்சான் குனிந்து நாலு டயரின் இலக்கத்தையும் ஸ்பெயார் வீலின் இலக்கத்தையும் போனில் படம் எடுப்பதை விற்பவர் பார்க்கும்படி எடுப்பது நல்லது.